பன்னிரண்டு குன்றி

உரிமம் பெற்ற ஆடிட்டர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பன்னிரண்டு குன்றி சந்தேகம் கட்ட வேண்டும். இதில் பத்து குன்றி அடிப்படைத் தீர்வை. ஒன்று தணிக்கை வாரியத்தின் கட்டட நிதிக்கு. ஒன்று விழிப்புணர்வு நிதிக்கு. சந்தேகத்தைக் கொண்டு எப்படிக் கட்டடம் கட்டுவார்கள் என்று எந்த ஆடிட்டரும் இதுவரை கேட்டதில்லை. தீர்வை கட்டி முடித்த பிறகு அப்படிக் கேட்கும் அளவுக்கு யாரிடமும் மிச்சம் இருப்பதில்லை.

செப்டம்பர் முதல் தேதி காலை, வாரியத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் முன்னால் ஆடிட்டர் தொற்காள் தலையில் சந்தேகத்தை அளந்து எடுக்கும் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தொப்பியில் முந்தைய ஆடிட்டரின் தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா பூரணலிங்கம், மீட்டரை விரலால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

“ஏழுதாம்மா காட்டுது.”

“வருஷா வருஷம் பன்னிரண்டுக்குக் குறையாதே.”

“குறைஞ்சிருக்கே. இந்த வருஷம் யாராவது உங்களுக்கு நல்லது பண்ணினாங்களா?” வெளியே எங்காவது சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்கும் குரலில் அவர் கேட்டார்.

தொற்காள் யோசித்தார். “பிப்ரவரியில பித்தப்பை ஆபரேஷன் ஆச்சு. பதினொரு நாள் பக்கத்து வீட்டுக்காரங்க மாத்தி மாத்தி கஞ்சி கொண்டு வந்தாங்க. ஆட்டோவில மறந்துட்டு இறங்கின பையை, டிரைவர் தேடி வந்து கொடுத்தாரு.”

“அதான். அதுல அஞ்சு போயிருக்கு.”

“இருக்கிற ஏழு குன்றியை இப்ப எடுத்துக்கிட்டு…”

“ஆடிட்டர்கிட்ட தவணையா வாங்க விதியில்லம்மா. இருபத்திரண்டாம் தேதிக்குள்ள பன்னிரண்டாக் கொண்டாங்க. இல்லாட்டா உரிமம் காலாவதி.”

தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு தொற்காள் வெளியே வந்தார்.

தொற்காளின் அலுவலகத்தில் பேச்சியம்மாள் காத்திருந்தாள். செங்கரை மகளிர் உப்பளக் கூட்டுறவின் தலைவி. உப்பு வாரும் பலகை பிடித்துக் காய்ப்பேறிய கையில் டீ கிளாஸ் இருந்தது. கண் கூசாமலிருக்கப் போடும் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தாள். அய்யாத்துரை அவளுக்கு இரண்டாவது டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அங்கே வவுச்சர் அடுக்குவது, தபால் பிரிப்பது, டீ போடுவது எல்லாம் இருபத்தாறு வருடமாக அவர்தான். தொற்காளைவிட ஆறு வயது மூத்தவர்.

“கையெழுத்து ஆயிருமாம்மா?” என்றாள் பேச்சியம்மாள்.

கூட்டுறவில் நூற்றுப்பன்னிரண்டு பெண்கள். உப்பளம் அரசுக் குத்தகை. ஆண்டுக் கணக்கில் உரிமம் உள்ள ஆடிட்டரின் கையெழுத்து செப்டம்பர் முப்பதுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் குத்தகை வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அடுத்து நிற்பவர் ஏற்கெனவே ஒருமுறை ஆள் விட்டு வரப்பை அளந்து பார்த்திருந்தார். இத்தனை சின்னக் கணக்குக்குக் கையெழுத்துப் போட ஊரில் வேறு எந்த ஆடிட்டரும் வர மாட்டார்.

தொற்காள் மறைக்காமல் சொன்னார். அஞ்சு குன்றி குறைகிறது.

“அந்தச் சந்தேகத்தை எடுத்து என்னதாம்மா பண்ணுதாவ?”

“நாட்டில உள்ள எல்லாக் கணக்கையும் வாரியத்து இயந்திரம்தான் பார்க்குது, பேச்சி. கூட்டல் கழித்தல்ல பிசகாது. ஆனா அதுக்குச் சந்தேகப்படத் தெரியாது. தொகை பொருந்திட்டா நம்பிடும். முன்னால ஒருத்தன் இல்லாத கப்பல்ல இல்லாத சரக்கை ஏத்தி இல்லாத ஊருக்கு அனுப்பினதா எழுதினான். பைசா சுத்தமாப் பொருந்திச்சு. இயந்திரம் சரின்னு சொல்லிட்டுது. அதுக்கப்புறந்தான் மனுஷங்களோட சந்தேகத்தை எடுத்து அதுக்குள்ள விட ஆரம்பிச்சாங்க.”

“பாலுக்கு உறை ஊத்துத மாதிரி.”

“அதே மாதிரிதான்.”

“அப்படின்னா எங்கிட்ட எடுத்துக்கிடுங்க. எம் மாப்பிள்ளை மேல மட்டும் ஒரு குடம் இருக்கு.”

அய்யாத்துரை சிரித்துவிட்டார். தொற்காளும் சிரித்தார்.

“எங்கிட்ட கணக்கு கொடுக்கிறவங்க தரக்கூடாது. விதி. வெளி ஆளு யாராவது சும்மா தரலாம். ஆனா தந்த ஆளு கொஞ்ச நாளைக்கு எவன் எதைச் சொன்னாலும் நம்புவாரு. ஏமாறச் சொல்லி நான் யார்கிட்டப் போய்க் கேட்க?”

“எல்லாரையும் நம்பினா நல்லதுதானம்மா?”

“எல்லாரும் நல்லவங்களா இருந்தா நல்லதுதான்,” என்றார் தொற்காள். அய்யாத்துரை காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மாலை தொற்காள் ஆடிட்டர் சங்கரசுப்புவின் வீட்டுக்குப் போனார். சங்கரசுப்புவிடம் இந்த வருடம் முப்பத்தொரு குன்றி இருந்தது. வீட்டு வாசலில் ஒரு கேமரா, கூடத்தில் ஒன்று, பால் பாத்திரத்துக்கு மேலே ஒன்று. அவர் மனைவி மே மாதம் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அது ஏன் என்பதும் அவருடைய முப்பத்தொன்றில் சேர்ந்திருந்தது.

“சந்தேகம் தானா முளைக்காது, அக்கா. நட்டு, தண்ணி விட்டு வளர்க்கணும்,” என்றார் சங்கரசுப்பு. “ஊரான் மேல நட்டா விளைச்சல் கம்மி. கூட இருக்கவன் மேல நடணும். உங்க கையால சாப்பிடுதவன், உங்களுக்கு டீ போட்டுத் தாரவன், அவன் மேல நட்டா ஒரே வாரத்தில முளைக்கும்.”

“நீங்க கொஞ்சம் தரலாமே, தம்பி. உங்ககிட்ட பத்தொன்பது மிச்சமிருக்கே.”

“தரலாம். ஆனா அதுக்குன்னுதான் என்கூட இத்தனை வருஷம் பழகினீங்களோன்னு எனக்கு இப்ப ஒரு சந்தேகம் வந்துட்டுது.” அவர் நெற்றியோரம் வீட்டு மீட்டரை வைத்து அழுத்திப் பார்த்தார். “முப்பத்திரண்டு.”

தொற்காள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வழியில் மருந்துக் கடையில் ஒரு வீட்டு மீட்டர் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு டீ போட்டுத் தருகிறவர் ஒரே ஒருவர்தான்.

அய்யாத்துரையைச் சந்தேகிப்பது எப்படி என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. அந்த மனிதரைப் பற்றிப் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். தினமும் காலையில் அய்யாத்துரை அதன் படிக்குக் கீழே செருப்போடு நிற்பார். கும்பிட மாட்டார். உள்ளே போக மாட்டார். ஜன்னல் திறந்திருந்தும் ஆள் இல்லாத அலுவலகத்தில் நிற்பவர்போலக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிடுவார். நான்கு வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயது மகள் காய்ச்சலில் இறந்ததிலிருந்து இப்படி. அதற்கு முன்பெல்லாம் உள்ளே போய்த் தோப்புக்கரணம் போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். தொற்காள் இதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. கேட்கக் கூடாத இடம் என்று விட்டுவிட்டார். இப்போதும் அதைத் தொட மனம் வரவில்லை.

ஆனால் செப்டம்பர் இரண்டாம் தேதி புதிதாக ஒன்று கிடைத்தது. பதினொன்று பத்துக்கு அய்யாத்துரை வெளியே போனார். பதினொன்று நாற்பதுக்கு வந்தார். அடுத்த நாளும் அதே நேரம்.

“எங்க போறிய, அண்ணாச்சி?”

“சும்மா ஒரு நடை, அம்மா.”

இருபத்தாறு வருடத்தில் அவர் சும்மா நடந்ததே இல்லை. தொற்காள் அந்தப் பதிலை எடுத்து வைத்துக்கொண்டார். வளர்த்தார். அண்ணாச்சி வேறு ஆடிட்டரிடம் நம் கோப்புகளைக் கொண்டு போகிறாரோ? உப்பளத்துக்காக அடுத்து நிற்பவர் அவருக்கு ஏதாவது தந்திருப்பாரோ? மாலையில் மீட்டர் எட்டு காட்டியது.

அதே வாரத்தில் அய்யாத்துரை ஒரு பை தக்காளி வாங்கி வந்தார். பாதி அழுகல்.

“என்ன அண்ணாச்சி, பார்த்து வாங்கலியா?”

“நல்ல பழம்னு கடைக்காரரு சொன்னாரும்மா.”

மறுநாள் கம்பி இல்லாத குடை ஒன்றை வாங்கி வந்தார். மழை வரும்போது கம்பி தானாக விரியும் என்று விற்றவர் சொன்னாராம். வவுச்சர் கட்டில் ஒரு காகிதம் குறைந்தால் வாசலிலேயே மோப்பம் பிடிக்கிற மனிதர் இதையெல்லாம் நம்புகிறாரா? நடிக்கிறார் என்று தொற்காள் முடிவு செய்தார். மீட்டர் ஒன்பதரை.

டீத்தூள் பாக்கெட்டில் பேனாவால் கோடு போட்டு வைத்தார். அலமாரிச் சாவியை இடம் மாற்றினார். அய்யாத்துரை தபாலைப் பிரிக்கும்போது பின்னால் நின்றார். அய்யாத்துரை திரும்பிப் பார்த்து, “உட்காருங்கம்மா, ஆபரேஷன் பண்ணின உடம்பு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒருநாள் கொய்யாப்பழம் ஒன்றை நறுக்கி, விதை அதிகம் உள்ள பாதியைத் தான் வைத்துக்கொண்டு மற்றதைத் தொற்காளின் மேசையில் வைத்தார். அன்று மாலை மீட்டரில் முக்கால் குன்றி குறைந்திருந்தது. அடுத்த நாள் தொற்காள் பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொன்னபோது அய்யாத்துரையின் முகம் போன விதத்தையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கணக்கில் குனிந்துகொண்டார்.

இரவு ஜெபத்தில் அலுவலகத்தில் உள்ளவர்கள் பெயரைச் சொல்லும் இடம் வந்தபோது அவர் அதைத் தாண்டிப் போனார்.

பதினெட்டாம் தேதி சங்கரசுப்பு போன் செய்தார்.

“அக்கா, இயந்திரத்துக்கு என்னமோ ஆயிட்டுது. என் மீன் ஏற்றுமதிக்காரர் கணக்குக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கு. கேளுங்க. ‘கணக்கு முழுவதும் பொருந்துகிறது. பார்ப்பதற்கு யாருமே இல்லை என்று உறுதியாகத் தெரிந்திருந்தால் இதே கணக்கை எப்படி எழுதியிருப்பீர்கள்?’ இது என்ன கேள்வி, அக்கா? எந்தப் பிரிவில வருது?”

“அவரு என்ன சொன்னாரு?”

“ரெண்டு நாள் சாப்பிடல. நேத்து, மீன் வெட்டுத பொம்பளைங்க அறுபது பேருக்கு மூணு வருஷ ஓவர்டைம் பாக்கியை எடுத்துக் கொடுத்துட்டாரு. எனக்கு ஃபீஸ் எதில இருந்து வரும்?”

இந்த மாவட்டத்தில்தான் இப்படி என்று அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார். வாரியத்தின் மற்ற ஊர் இயந்திரங்கள் வழக்கம்போல நடந்துகொண்டனவாம்.

இருபத்திரண்டாம் தேதி காலை தொற்காள் வீட்டு மீட்டரை வைத்துப் பார்த்தார். சரியாகப் பன்னிரண்டு. யாரிடமும் பேசாமல், யார் முகத்தையும் பார்க்காமல், ஆட்டோவில் ஏறி வாரிய அலுவலகத்துக்குப் போய்த் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

“பன்னிரண்டு இருக்கும். எடுத்துக்கிடுங்க,” என்றார்.

பூரணலிங்கம் பதிவேட்டைப் பார்த்தார். “பன்னிரண்டு எதுக்கும்மா? ஏழு போதும். உங்க பேருக்கு அஞ்சு குன்றி ஏற்கெனவே வந்தாச்சே.”

“யார் கட்டினது?”

“பேரு சொல்லக் கூடாது. வெளி ஆளு சும்மா தாரது, ஒன்பதாம் பிரிவு. அவங்க தவணையாவும் தரலாம். பதினாறு தவணை. இந்தாங்க ரசீது, அவங்களே கோத்துக் கொடுத்தது.”

பதினாறு சிட்டைகள் ஒரு நூலில் கோத்திருந்தன. சீராக, ஓரம் தட்டி, இடது மூலையில் முடிச்சு. அந்த முடிச்சை தொற்காள் இருபத்தாறு வருடமாக அவிழ்த்து வருகிறார். ஒவ்வொரு சிட்டையிலும் நேரம் அச்சாகியிருந்தது. பதினொன்று இருபது. பதினொன்று பத்தொன்பது. பதினொன்று இருபத்தொன்று.

மீட்டர் முள் பன்னிரண்டிலிருந்து வழுக்கியது. பதினொன்று. ஒன்பது.

“அம்மா, எதையும் நினைக்காதீங்க!” பூரணலிங்கம் பதறி எழுந்து விசையை இழுத்தார். முள் ஏழில் நின்றது. கீழே எங்கோ ஒரு குழாய் சத்தம் கேட்டது. பிறகு முள் பூஜ்யத்துக்கு வந்தது.

“தப்பிச்சோம்,” என்றார் அவர், முத்திரையை ஊதி வைத்து. “இன்னும் ஒரு ரசீதைப் பார்த்திருந்தா உங்க உரிமம் போயிருக்கும். ஏழு நாள் எதிலயும் கையெழுத்துப் போடாதீங்க. அதுக்கப்புறமும் உள்ள ஒரு குன்றியாவது முளைச்சிருந்தாத்தான் கையெழுத்துச் செல்லும். வீடு, நிலம் எதுவும் வாங்காதீங்க.”

தொற்காள் அலுவலகத்துக்கு வந்தபோது அய்யாத்துரை கம்பியில்லாத குடையை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தொற்காள் ரசீதுக் கட்டை மேசைமேல் வைத்தார்.

“அன்னைக்கு நீங்க பேச்சிகிட்ட சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்,” என்றார் அய்யாத்துரை, யாரும் கேட்பதற்கு முன்னால்.

“நான் உங்களைத் திருடன்னு நினைச்சேன், அண்ணாச்சி. மூணு வாரமா நினைச்சேன். வேணும்னே நினைச்சேன். டீத்தூள்ல கோடு போட்டேன்.”

“பார்த்தேன். ஆபரேஷனுக்கப்புறம் டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்லியிருப்பாரு போலன்னு இருந்தேன்.”

தொற்காளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “நீங்க யாரையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லையே. அஞ்சு குன்றி எங்கயிருந்து வந்துது?”

அய்யாத்துரை எதிர்த்த கோயிலைப் பார்த்தார்.

“மனுஷங்க மேல இல்லம்மா. பாப்பா போனதில இருந்து ஒண்ணு இருந்தது. மேல யாராவது இருக்காவளா, இல்ல நாமதான் சும்மா தேங்கா உடைச்சுக்கிட்டு இருந்தோமான்னு. நாலு வருஷம். வேற ஒருத்தருக்கும் சொல்லல. தொப்பியைப் போட்டதும் பூரணலிங்கம் பயந்துட்டாரு. ஒரே தடவையில எடுத்தா தாங்க மாட்டீரு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா வாரும்னாரு. அது போகும்போது சின்னச் சின்னதும் கூடவே போயிட்டுது போல. தக்காளியெல்லாம் அதில வந்ததுதான்.”

“இப்ப?”

“முந்தாநாள் படிகிட்ட நின்னேன். வெயிலு. தரை சுட்டுது. செருப்பைக் கழட்டிட்டேன்.” அவர் கையைப் பார்த்துக்கொண்டார். “பக்தியா, இல்ல மத்தது போயிட்டதினாலயான்னு எனக்குச் சொல்லத் தெரியல. உள்ள போனேன். அவ பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணினேன். அவ பேரைச் சத்தமாச் சொல்லி நாலு வருஷமாச்சும்மா.”

“திரும்ப முளைக்கும், அண்ணாச்சி. சந்தேகம் எல்லாருக்கும் திரும்ப முளைக்கும்.”

“பூரணலிங்கமும் சொன்னாரு. முளைக்கட்டும்மா. அடுத்த வருஷத் தீர்வைக்கு ஆகும்லா?”

ஏழு நாளும் தொற்காள் எதிலும் கையெழுத்துப் போடாமல் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள் தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “முளைச்சுட்டாம்மா?” என்று கேட்பாள். ஆறு நாள் மீட்டரில் ஒன்றும் இல்லை. இருபத்தெட்டாம் தேதி மாலை தொற்காள் அய்யாத்துரையைக் கூட்டிக்கொண்டு தக்காளிக் கடைக்குப் போனார். கடைக்காரர் அய்யாத்துரையைக் கண்டதும் முகம் மலர்ந்து, “வாங்க அண்ணாச்சி, உங்களுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன்,” என்று கீழேயிருந்த கூடையை இழுத்தார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை மீட்டர் ஒன்று காட்டியது. கையெழுத்துக்கு அது போதும்.

மூன்று நாளாகத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து வைத்திருந்த செங்கரைக் கணக்கை அவர் வாரியத்துக்கு அனுப்பினார். பேச்சியம்மாள் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கால் மணி நேரத்தில் திரையில் இயந்திரத்தின் கேள்வி வந்தது. ஒரே ஒரு கேள்வி.

‘மூட்டைகள் பொருந்துகின்றன. கூலி பொருந்துகிறது. குத்தகை பொருந்துகிறது. இதையெல்லாம் மேலிருந்து பார்க்கிறவர் யாராவது இருக்கிறாரா? ஆதாரத்துடன் பதில் தரவும்.’

தொற்காள் அதை இரண்டு முறை படித்தார். அது யாருடைய கேள்வி என்று அவருக்குத் தெரிந்தது. பதினாறு தவணையில் பதினொன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்த கேள்வி.

“என்ன கேக்குதும்மா? தப்பு இருக்காமா?” என்றாள் பேச்சியம்மாள்.

“தப்பு இல்ல. இரு.”

அவர் ஜன்னல் வழியே பார்த்தார். கோயில் படிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. இடது செருப்பின் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. உள்ளே மணி ஒருமுறை அடித்தது.

பதில் கட்டத்தில் தொற்காள் எழுதினார்: ‘இருக்கிறார்.’

ஆதாரம் என்ற கட்டத்தில், இருபத்தேழு வருடமாக உப்புக் குவியல்களுக்கும் மூட்டைகளுக்கும் எழுதி வந்த அதே சொற்களை எழுதினார்: ‘நேரில் சரிபார்க்கப்பட்டது.’

கீழே கையெழுத்திட்டார்.

இயந்திரம் வழக்கமாக ஒரு நொடியில் பதில் சொல்லும். அன்று நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. பேச்சியம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கையில் வைத்து மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள். அய்யாத்துரை நெற்றியில் திருநீறோடு உள்ளே வந்து, இருவருக்கும் டீ வைத்தார்.

பிறகு திரையில் ஒரு வரி வந்தது.

‘ஏற்றுக்கொள்ளப்பட்டது. நன்றி.’

வாரியத்து இயந்திரம் யாருக்கும் நன்றி சொல்லி தொற்காள் அதற்கு முன் பார்த்ததில்லை.